மீட்டரில் இருந்து தொடங்குங்கள்: வீட்டிலும் கடையிலும் கரியமில வாயுவைக் குறைக்க ஒரு வழிகாட்டி

கரண்ட் பில், சிலிண்டர் வாங்கிய கணக்கு, பெட்ரோல் போட்ட கணக்கு. இந்த மூன்றையும் ஓராண்டுக்குச் சேர்த்து எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் ஒரு வீடோ சிறு கடையோ வெளிவிடும் கரியமில வாயுவில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் வந்துவிடும். நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குப் பணம் கொடுத்தாலும் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை: ஏ.சி.க்கு ஏற்றும் கேஸ். அதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறோம்.

முதலில் பெருக்க வேண்டிய எண்கள். மின்வாரியத்தில் இருந்து வாங்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. எரிந்து தீரும் ஒரு கிலோ சமையல் கேஸுக்கு 3 கிலோ, ஆகவே 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ, 19 கிலோ கடைச் சிலிண்டருக்கு 57 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ.

“நம் ஊரில்தான் காற்றாலை நிறைய ஓடுகிறதே, நமக்கு ஏன் 0.7?” என்று பலரும் கேட்பார்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுவது உண்மைதான். ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு இணைந்தபின் இந்தியா முழுவதும் ஒரே குளம் மாதிரி. யார் எங்கே ஒரு யூனிட் கூடுதலாக இழுத்தாலும் குளத்தில் இருந்துதான் இழுக்கிறார்கள். அந்தக் குளத்தை இன்றைக்கும் பெரும்பாலும் நிரப்புவது நிலக்கரி.

ஒரு சாதாரண வீட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், ஆண்டுக்கு 8 சிலிண்டர், ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல். மின்சாரம் 2,400 யூனிட், அதாவது 1,680 கிலோ. கேஸ் 340 கிலோ. பெட்ரோல் 414 கிலோ. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மின்சாரமே. கடை என்றால் இந்த விகிதம் தலைகீழாகலாம். மெஸ்ஸிலும் டீக்கடையிலும் கேஸ்தான் முன்னால் நிற்கும். அதனால்தான் அடுத்தவர் செய்ததைப் பார்த்துச் செலவு செய்யாமல், உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும் என்கிறோம்.

மீட்டர் விளக்கு சிமிட்டுவதை எண்ணுங்கள்

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று பொருள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் ஏறத்தாழ 19 வாட். நான்கு சிமிட்டல் என்றால் 75 வாட், அதாவது பழைய சீலிங் ஃபேன் ஒன்று. 1600 மீட்டரில் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

செய்முறை இதுதான். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கையும் இன்வெர்ட்டர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இப்போது விளக்கு ஐந்து நிமிடத்துக்குச் சிமிட்டவே கூடாது. சிமிட்டினால் எங்கோ மின்கசிவு இருக்கிறது, அல்லது வேறொரு இணைப்பு உங்கள் மீட்டரில் தொங்குகிறது. முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது கரியமில வாயுவை விட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதன்பின் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, ஒரு நிமிடம் எண்ணி, நோட்டில் எழுதுங்கள். வாட்டை மட்டும் எழுதினால் போதாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். 1,000 வாட் மிக்ஸி பத்து நிமிடம்தான் ஓடுகிறது. செட்டாப் பாக்ஸ் 10 வாட்தான், ஆனால் சுவிட்ச் அணைக்காவிட்டால் ஆண்டுக்கு 87 யூனிட் தின்றுவிடும். ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும் என்பதால் அதற்கு இந்த முறை சரிவராது. பிளக்கில் செருகும் அளவி ஒன்று வாங்கி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள்.

ஏ.சி.: பில்லில் வராத பெரிய கணக்கு

ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி.க்குள் மாடலைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு கிலோ குளிர்பதன வாயு இருக்கும். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் அது என்ன வாயு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். போய்ப் பாருங்கள். பழையது என்றால் ஆர்-22, அடுத்து வந்தது ஆர்-410ஏ, இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் ஆர்-32. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ சுமார் 2,090 கிலோ. ஆர்-32 என்றால் 675 கிலோ.

மேலே போட்ட வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அந்த வீட்டின் ஓராண்டு மின்சாரம் மொத்தமும் 1,680 கிலோ. பழைய ஏ.சி. ஒன்றில் இருந்து ஒரு முறை கேஸ் முழுக்க வெளியேறினால், ஓராண்டு முழுவதும் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டியதை விட அதிகம். “வருஷா வருஷம் சம்மருக்கு முன்னால கேஸ் அடிச்சிடுவோம்” என்று சொல்கிற வீடுகளும் கடைகளும் இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே போதும், இந்தக் கட்டுரையில் வரும் மற்ற பல வேலைகளை விட அது பெரியது. ஏ.சி.யில் கேஸ் செலவாகிற பொருள் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

டெக்னீஷியன் வரும்போது இந்த வரிசையில் வேலை நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் கசிவைத் தேட வேண்டும். வெளி யூனிட்டில் செம்புக் குழாய் வந்து சேரும் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அங்கேதான்; கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வெளியேறும். தெரியவில்லை என்றால் மிச்சமிருக்கும் கேஸை மீட்பு சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் கொண்டுவராமல் “பார்த்துட்டேன் சார், லீக் இல்ல” என்றால் நம்ப வேண்டாம். கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று கேஸ் ஓடும் வளைகுழாயான காயிலையே அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுவிடும். அதை ஒட்டி ஒட்டி ஓட்டுவதை விட காயிலை மாற்றுவதே மேல்.

இரண்டாவது, நட்டு இணைப்பில் கசிந்தால் இறுக்கினால் மட்டும் போதாது. குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து, பிறகு பூட்ட வேண்டும். மூன்றாவது, வாக்குவம் பம்ப். குறைந்தது இருபது முப்பது நிமிடம் ஓட வேண்டும். நிறுத்தியபின் கேஜ் முள் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் நேரம் மிச்சம் பிடிப்பார்கள். பம்ப் போடாமல், கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயில் உள்ள காற்றை வெளியே தள்ளுவார்கள். அப்படித் தள்ளும்போது போவது நேரடி உமிழ்வு. உள்ளே தங்கிவிடும் ஈரம் நாளடைவில் கம்ப்ரஸரையும் கெடுக்கும். நான்காவது, தராசு. தகட்டில் 900 கிராம் என்றால் சிலிண்டரைத் தராசில் வைத்து 900 கிராம் ஏற்ற வேண்டும். பிரஷரைப் பார்த்து, பைப்பைத் தொட்டுப் பார்த்து ஏற்றினால் கூடவோ குறையவோ போகும், இரண்டிலும் கரண்ட் அதிகமாக இழுக்கும்.

ஆர்-32 தீப்பற்றக்கூடியது. குழாயில் கேஸ் இருக்கும்போது யாரும் பக்கத்தில் பர்னர் பற்றவைக்க விடாதீர்கள்.

வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். குழாயை அப்படியே கழற்றிப் புஸ்ஸென்று விடுவது பாவம். கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை அடைத்து, கேஜ் சுழியத்துக்கு அருகே வந்ததும் தடித்த குழாயின் வால்வை அடைத்து உடனே நிறுத்தினால் கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் பத்திரமாகப் போய்விடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இடையில் காற்று உள்ளே புகுந்தால் கம்ப்ரஸர் வெடிக்கும் அபாயம் உண்டு. தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன்பும் கேஸை மீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மின்சாரப் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. 2020 ஜனவரியில் இருந்து புது ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். 26-ல் வைத்து ஃபேனைச் சிறிதாக ஓடவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் மாசியிலேயே தளத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். வெறும் சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்; தளத்துக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சு சில ஆண்டுகள் தாங்கும். அடிக்கும் முன் பாசியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடாவிட்டால் எந்தப் பூச்சும் உரிந்து வரும்.

ஃபேனும் மோட்டாரும்

ஏ.சி. இல்லாத வீட்டில் ஃபேன்தான் ராஜா. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மிச்சம், 140 கிலோ கரியமில வாயு. வீட்டில் உள்ள எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. நோட்டில் எது அதிக மணி நேரம் ஓடுகிறதோ, பெரும்பாலும் படுக்கையறை, அதை முதலில். விருந்தினர் அறை ஃபேனை மாற்றுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்று. சுவரில் இருக்கும் ரெகுலேட்டரை அப்படியே விட்டு மாட்டிவிடுவார்கள். பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் தனி மின்னணுப் பலகை இருக்கிறது. வேகத்தை அதுவே ரிமோட் வழியாகப் பார்த்துக்கொள்ளும். வெளி ரெகுலேட்டர் குறுக்கே இருந்தால் ஃபேன் முனகும், சில மாதத்தில் பலகை எரியும். ரெகுலேட்டரைக் கழற்றி, கம்பியை நேரடியாகச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். ரிமோட் தொலைந்துபோகிற வீடு என்றால் சுவிட்ச் வழியாகவே வேகம் மாற்றக்கூடிய மாடலாக வாங்குங்கள். 2023 ஜனவரியில் இருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் அட்டைப்பெட்டியிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புதிது வாங்கப் பணம் இல்லாவிட்டால், சூடாகும் பழைய கட்டை ரெகுலேட்டரை மட்டும் மின்னணு ரெகுலேட்டராக மாற்றுங்கள். கட்டை ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது மிச்சத்தைச் சூடாகவே வீணாக்குகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கப்பாசிட்டர் போயிருக்கும், சின்னச் செலவு.

தண்ணீர் மோட்டார்: தொட்டியில் இருந்து மாடி டேங்குக்கு ஏற்றும் ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். நல்ல நிலையில் இருந்தால் 1,000 லிட்டருக்கு அரை யூனிட் அளவில்தான் ஆக வேண்டும். ஒரு மணி நேரம் ஓடியும் ஆயிரம் லிட்டர் ஏறவில்லை என்றால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில் குப்பை, உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று, அல்லது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும். இந்த வரிசையிலேயே பாருங்கள், செலவும் அதே வரிசையில்தான் கூடும்.

இன்னொன்று, பணத்துக்காகச் சொல்கிறோம்: இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை கூடும். 520, 540 என்று வரும் வீடுகள் இரண்டு ஃபேன் மாற்றினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம்.

சமையலறை: இண்டக்‌ஷன் எப்போது நல்லது?

கேஸை விட இண்டக்‌ஷன் சுத்தம் என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. பாத்திரத்துக்குள் ஒரு யூனிட் அளவு சூடு சேர வேண்டும் என்று வையுங்கள். இண்டக்‌ஷனில் 15 சதவீதம் போல வீணாகும், ஆகவே 1.18 யூனிட் மின்சாரம் வேண்டும். கரியமில வாயு 0.8 கிலோவுக்கு மேல். கேஸ் அடுப்பில் 40 சதவீதம் வீணானாலும் 130 கிராம் கேஸ்தான் எரியும். கரியமில வாயு 0.4 கிலோவுக்குள். மின்வாரிய மின்சாரத்தில் இண்டக்‌ஷன் ஓட்டுவது இன்றைய நிலையில் இரட்டிப்பு. கூரையில் சோலார் இருந்து, பகலில், அந்த வெயிலிலேயே சமைத்தால் மட்டும் இண்டக்‌ஷன் ஜெயிக்கும். புகையில்லாத சமையலறை வேண்டும் என்று வாங்குவது வேறு விஷயம், அது நியாயமான காரணம்தான்.

ஆகவே கேஸ் அடுப்பிலேயே மிச்சம் பிடியுங்கள். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னர் துளைகளில் பால், சோறு வடிந்து அடைத்திருக்கிறது. கழற்றி, ஊசியால் குத்தி, வெந்நீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி விலாவில் ஏறினால் ஏறிய அளவு வீண். துவரம்பருப்பை ஒரு மணி நேரம், கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள். குக்கர் முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். பிரஷர் வந்தபின் பெரிய தீ வைத்தால் ஆவிதான் அதிகம் போகும், பருப்பு சீக்கிரம் வேகாது.

தெர்மல் குக்கர் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. இறக்குங்கள். பச்சரிசி கொதி வந்தபின் ஐந்து நிமிடம், புழுங்கலரிசி பத்து நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்து முக்கால் மணி நேரம் திறக்காமல் விட்டுவிட வேண்டும். “வெந்துச்சா” என்று நடுவில் ஒருமுறை திறந்தால் வேகாது. குறைந்த அளவு அரிசி போட்டு, பாத்திரத்தில் பாதி காலியாக இருந்தாலும் வேகாது. சொதப்புவது இந்த இரண்டு காரணத்தால்தான்.

மெஸ், டீக்கடை, மளிகைக்கடை

மெஸ் நடத்துபவர்கள் சிலிண்டரை எடை போடப் பழக வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும். காலையில் ஒரு எடை, இரவு கடை மூடும்போது ஒரு எடை. வித்தியாசம்தான் அன்றைய கேஸ். அதை அன்று போன சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் உங்கள் கடையின் வழக்கமான அளவு தெரிந்துவிடும். திடீரென்று கூடினால் ஏதோ ஒரு பர்னர் கெட்டிருக்கிறது, அல்லது புது ஆள் அடுப்பை எரியவிட்டுக் காய்கறி நறுக்கப் போகிறார். நூறு பேருக்கான அண்டாவுக்கு வாங்கிய பெரிய பர்னரில் பத்து பேருக்கான ரசம் வைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கிற வீணடிப்பு. சின்ன பர்னர் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடை பாய்லரில் விடியற்காலை முதல் இரவு வரை தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். உள்ளே படிகிற வெள்ளை உப்பு சூட்டைத் தடுக்கிறது. கடின நீர் ஊர்களில் சில வாரத்திலேயே தடித்துவிடும். எவர்சில்வர் பாய்லர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 40 கிராம் எலுமிச்சை உப்பு கலந்து, சூடாக்கி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி ஊற்றுங்கள். ஈயம் பூசிய பித்தளை பாய்லருக்கு இதைச் செய்யாதீர்கள், பூச்சு கெடும். ஈயம் பூசுபவரிடம் கொடுக்க வேண்டும். மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை கூட்டம் இல்லாத நேரத்தில் பாய்லரைச் சிம்முக்குக் கீழே குறைக்க முடியாவிட்டால் அணைத்தே விடுங்கள். கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்க் டிரம்மில் பிடித்து வைத்தால் அந்த நேரத்து டீக்கு அது போதும்.

மளிகைக்கடையில் கரண்டைத் தின்னுவது கண்ணாடிக் கதவு போட்ட கூலர். பெரும்பாலும் வாசலில், மேற்கு வெயில் படும் இடத்தில் நிற்கும். உள்ளே தள்ளுங்கள், பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அடியில் உள்ள கண்டென்சரில் தூசியை மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகிச் சாத்திப் பாருங்கள். இழுத்தால் சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. கூல்டிரிங்ஸ் பாட்டில் மட்டும் இருக்கிற கூலரை, கடை மூடியதில் இருந்து திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை டைமர் வைத்து அணைத்துவிடலாம். பால், தயிர், மாவு பாக்கெட் இருந்தால் கூடவே கூடாது; அவற்றை ஒரே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு மற்றதை அணையுங்கள்.

மாவு மில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. காயில் கட்டிக் கட்டி ஓட்டும் மோட்டார் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திறன் இழக்கும். இரண்டு முறைக்கு மேல் எரிந்தால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் கருகல் வாடை வரும். அந்த வாடை நீங்கள் காசு கொடுத்த யூனிட்.

ஜெனரேட்டர் தேவைப்படும் கடைகளில், டீசலில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ போலக் கரியமில வாயு போகும், மின்வாரியத்தை விட மோசம். விளக்கு, பில் மெஷின், ஃபேனுக்கு மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரி போதும். டெலிவரி வண்டி மின்சார ஸ்கூட்டராக இருந்தால் இன்றைய மின்சாரத்திலேயே கிலோமீட்டருக்கு பெட்ரோல் வண்டியில் பாதி அளவுதான்.

மிச்சச் சோறு கேஸாகும்

குப்பை வண்டியில் போகும் சோறும் இலையும் கொடுங்கையூர், பெருங்குடி மாதிரிக் கிடங்குகளில் காற்றுப் படாமல் புதைந்து மீத்தேனாகிறது. மீத்தேன் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 27, 28 மடங்கு சூடேற்றும். அதே மீத்தேனை உங்கள் கொல்லையில் பிடித்து அடுப்பில் எரிக்கலாம். நாளுக்கு 20 கிலோ மிச்சம் விழும் மெஸ்ஸுக்கு 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது 0.9 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். மூன்று வாரத்துக்கு ஒரு கடைச் சிலிண்டர் மிச்சம்.

20 கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர் கொள்ளளவுள்ள கலன் வேண்டும். முதல் நாள் கலனில் பாதி அளவுக்குச் சாணக்கரைசல் ஊற்றுங்கள்: சாணமும் தண்ணீரும் சரிபாதி, வைக்கோலும் கல்லும் வடிகட்டி. இரண்டு மூன்று வாரம் எதுவும் போடாமல் விடுங்கள். முதலில் வரும் வாயு பற்றாது, அதில் கரியமில வாயுவும் கலனுக்குள் இருந்த காற்றும்தான் இருக்கும். அந்தக் கலவையில் தீக்குச்சி காட்டக் கூடாது, திறந்தவெளியில் விட்டுவிட வேண்டும். நீலமாகப் பற்றத் தொடங்கியபின் நாளுக்கு 2 கிலோ, அடுத்த வாரம் 4 கிலோ என்று கூட்டிக்கொண்டே போங்கள். சோற்றை அரைத்தோ பிசைந்தோ, சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும்.

பெரும்பாலான கலன்கள் சாவது முதல் இரண்டு மாதத்தில். காரணம் அவசரம். முதல் வாரமே 20 கிலோ கொட்டினால் உள்ளே புளித்துப் போகும். புளித்தால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நின்றுவிடும். வெளிவரும் கழிவில் புளித்த மாவு வாடை வந்தால் அதுதான் அடையாளம். ஒரு வாரம் உணவு போடுவதை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரும் ஒரு வாளிச் சாணக்கரைசலும் சேருங்கள். எலுமிச்சைத் தோல், பொரித்த எண்ணெய், முட்டை ஓடு, எலும்பு, வாழை இலைத் தண்டு போட வேண்டாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாது. அடுப்புக்குப் போகும் குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியும் குப்பி ஒன்று வைக்காவிட்டால் நீர் தேங்கி வாயு வராது. சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இதற்குச் சின்னது, பயோகேஸ் அடுப்பே தனியாக வாங்குங்கள். வாயு மிஞ்சினால் திறந்துவிடாமல் எரித்துவிடுங்கள். மீத்தேனைப் பிடித்துவிட்டுத் திறந்துவிடுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு?

வீட்டுக்கு இது பெரிய வேலை. துளை போட்ட பழைய பெயின்ட் வாளி இரண்டு போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு, மேலே கொஞ்சம் புளித்த மோர். நாறினால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள்.

சோலார் கடைசியில்

மேலே உள்ளதைச் செய்தபின் வரும் புதிய பில்லை வைத்துத்தான் சோலார் அளவை முடிவு செய்ய வேண்டும். முன்பே போட்டால், ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் வாங்கின மாதிரி. ஒரு கிலோவாட் தமிழ்நாட்டில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் கேட்கும். 3 கிலோவாட் ஆண்டுக்கு 3 டன் கரியமில வாயுவைத் தவிர்க்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேனலில் உள்ள செல்கள் இந்தியாவில் செய்தவையாக இருந்தால்தான் மானியம். கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். கடைகளுக்கு இந்த மானியம் இல்லை. மிஞ்சிய மின்சாரத்தை ஏற்றுமதி செய்யும் கணக்கும் வீட்டைப் போல யூனிட்டுக்கு யூனிட் கழியாது. ஆகவே கடைக்காரர்கள் பகலில் தாங்களே பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் போடுவது நல்லது.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பது பலருக்கு மாட்டியபின்தான் தெரிகிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதால் சோலார் இன்வெர்ட்டரே துண்டித்துக்கொள்ளும். பவர்கட்டில் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகை வேண்டும், விலை கூடும்.

நிழலைக் காலை 9 முதல் மாலை 3 வரை மணிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஆனி மாதத்தில் உச்சி நேரத்திலும் தலைக்கு வடக்கே நிற்கும். ஆகவே தெற்கே உள்ள கைப்பிடிச்சுவரையும் பார்க்க வேண்டும், வடக்கே உள்ள தண்ணீர் டேங்கையும் பார்க்க வேண்டும். ஒரு பேனலின் மூலையில் தென்னங்கீற்று நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்றவையும் குறைந்து ஓடும். தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். அதற்கும் தட்டையாக வைத்தால் மழைநீர் வழியாமல் கீழ் விளிம்பில் அழுக்குக் கோடு நிற்கும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறும் முன் அல்லது அடங்கியபின், மெல்லிய துடைப்பானால் கழுவுங்கள். நண்பகலில் சுடும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைக் கறை படியும், ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீர் அதைவிட மோசம். கிடைத்தால் மழைநீர்.

இரும்புச் சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும், வெறும் பெயின்ட் அடித்தது கடலோரத்தில் நிற்காது. 2016-ல் வர்தா புயல் சென்னையிலும் 2018-ல் கஜா புயல் டெல்டாவிலும் எதையெல்லாம் பெயர்த்து எறிந்தன என்று பார்த்த ஊர் இது. சட்டத்தின் கால்களைத் தளத்தில் வெறுமனே வைத்துவிட்டுப் போக விடாதீர்கள், கான்கிரீட் கட்டைக்குள் போல்ட்டோடு பிடித்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒருமுறை மாடியேறி, பேனலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். எர்த் கம்பி துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட்டு இறங்குங்கள்.